நவீன பலகை விளையாட்டுக்கு மதிப்புரை எழுதுவதும் அதைப் பற்றிக் கலந்துரையாடுவதும்: மட்டக்களப்பு மேசையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லடியிலோ கல்முனையிலோ ஒருவர் நவீன பலகை விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்க எண்ணும்போது முதலில் கேட்பது, "இது நம்மட ஆக்களுக்குச் சரிவருமா?" என்பதுதான். கடையில் கையிலெடுத்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு நமக்கு அரிது. பெட்டி கொழும்பிலிருந்து பொதியில் வருகிறது. இல்லையேல் கட்டாரிலிருந்தோ கனடாவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டிக்குள், உடுப்புகளுக்கு நடுவே வருகிறது. வந்த பின்னர் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆகவே, இங்குள்ள வாசகருக்காக எழுதப்படும் மதிப்புரையின் மேல் ஒரு குடும்பத்தின் பணமும் எதிர்பார்ப்பும் நிற்கின்றன.

கரத்துக்கும் தாயத்துக்கும் சீட்டில் 304க்கும் நாம் மதிப்புரை தேடியதில்லை. யாரோ விளையாடும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தோம். எவர் எப்போது துரும்பை ஒளிக்கிறார், எந்த இடத்தில் கோபம் வருகிறது, தோற்றவர் ஏன் மறுபடியும் உட்காருகிறார் என்பதெல்லாம் பார்த்தே பழகிவிட்டன. நவீன பலகை விளையாட்டில் அந்தப் பக்கத்து இருக்கை கிடையாது. அதை எழுத்தில் அமைத்துக் கொடுப்பதே மதிப்புரையாளரின் வேலை என்று நான் கருதுகிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு நோக்கத்திலிருந்து பிறந்தவை.

முதற் படி: விதிநூலைத் தனியாக விளையாடிப் பாருங்கள்

விதிநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு, பாயை விரித்து, இரண்டு பேருக்கான அமைப்பில் துண்டுகளை அடுக்கி, இரு பக்கத்துக்கும் நீங்களே விளையாடுங்கள். இரண்டு மூன்று சுற்றுகள் போதும். வாசிக்கும்போது விளங்கியது போலிருந்த விதி, கையில் அட்டையுடன் நிற்கும்போது விளங்காமற் போகும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே இந்தப் பயிற்சி. அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களும் அநேகமாக அங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

இதைச் செய்யாததால் நான் ஒரு விளையாட்டுக்கு அநியாயம் செய்திருக்கிறேன். மேட் லீகாக் உருவாக்கி 2008இல் வெளிவந்த பாண்டமிக், எல்லோரும் ஒரே அணியாக நின்று நான்கு நோய்களை எதிர்க்கும் விளையாட்டு. தொற்றுநோய் அட்டை வெளிப்படும்போது, நோய் எந்த நகரத்தைத் தாக்கும் என்று காட்டி அதுவரை கழித்துப்போட்ட அட்டைகளை மட்டும் கலைத்து, எஞ்சிய கட்டின் மேலே வைக்க வேண்டும். நாங்கள் முழுக் கட்டையும் ஒன்றாகக் கலைத்துவிட்டோம். சிறிய பிழைதான், ஆனால் விளையாட்டின் உயிரே அந்த ஒரு விதியில் இருக்கிறது. கழித்த அட்டைகள் மேலே வந்தால், ஏற்கெனவே நோய் கண்ட நகரங்களே மறுபடியும் மறுபடியும் தாக்கப்படும். நோயைக் குறிக்கும் சிறு கனசதுரத் துண்டுகள் மூன்று இருக்கும் நகரத்துக்கு நான்காவது வர வேண்டிய கணத்தில் நோய் வெடித்து அயல் நகரங்களுக்குப் பரவும். எங்கள் மேசையில் நோய் உலகமெங்கும் மெல்லியதாகத் தூவப்பட்டு அடங்கிப்போனது. மூன்று ஆட்டங்களையும் எளிதாக வென்றுவிட்டு, "இதில் பதற்றமே இல்லை" என்று நண்பர்கள் பலரிடம் சொன்னேன். அதை நம்பி ஒருவர் வாங்காமலும் விட்டார். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி விளையாடிய முதல் ஆட்டத்திலேயே எட்டாவது வெடிப்பில் தோற்றோம். அன்று இரவு ஒருவரும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் மறுபடியும் அட்டைகளை அடுக்கினோம். அன்றிலிருந்து, ஒரு விளையாட்டு தட்டையாகத் தெரிந்தால் முதலில் என் விதி வாசிப்பையே சந்தேகிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாம் படி: கற்பிக்கும் நேரத்தையும் அளந்து எழுதுங்கள்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரம், விதி தெரிந்தவர்கள் விளையாடும் நேரம். நம் மேசையில் ஒருவருக்கு மட்டுமே விதி தெரியும். மற்ற மூவருக்கும் அவர் சொல்லித்தர வேண்டும். எனவே, கற்பிக்கத் தொடங்கிய மணியையும் முதல் அட்டை போடப்பட்ட மணியையும் இறுதிப் புள்ளி எண்ணப்பட்ட மணியையும் தனித்தனியே குறியுங்கள். காத்தான்குடியில் மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் இடையில் விளையாட உட்காரும் நண்பர்களுக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். "60 நிமிடம்" என்று பெட்டி சொல்வதை அப்படியே நீங்களும் திருப்பிச் சொன்னால், அவர்கள் பாதி ஆட்டத்தில் எழுந்து போக நேரும்.

கற்பிக்கும் ஒழுங்கும் முக்கியம். எப்படி வெல்வது, ஆட்டம் எப்போது முடியும், ஒருவரின் முறையில் என்ன செய்யலாம் என்ற வரிசையில் சொல்லி, விதிவிலக்குகளை அவை எழும்போது சொன்னால் போதும். பறவை அட்டைகளைக் கொண்டு ஆடும் விங்ஸ்பான் என்ற விளையாட்டைக் கற்பிக்கும்போது, நான்கு சுற்றுகளில் முறையே 8, 7, 6, 5 என மொத்தம் 26 செயல்களே ஒருவருக்குக் கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், கேட்பவர் மிச்சத்தைத் தானாகவே அந்த அளவுக்குள் பொருத்திக்கொள்கிறார். இந்த ஒழுங்கில் சொன்னபோது எந்த விளையாட்டு எளிதில் பிடிபட்டது, எது பிடிபடவில்லை என்பதும் மதிப்புரைக்கு உரிய செய்தியே.

மூன்றாம் படி: குறைந்தது மூன்று ஆட்டம், வெவ்வேறு ஆட்தொகையில்

முதல் ஆட்டத்தில் நாம் விதியைத்தான் விளையாடுகிறோம். இரண்டாவதில்தான் விளையாட்டை விளையாடுகிறோம். மூன்றாவதில், மற்றவர்கள் அதை எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்க்கும் அளவுக்குக் கண் நிமிர்கிறது.

ஆட்தொகை மாறும்போது விளையாட்டே மாறிவிடுவதும் உண்டு. வண்ண ஓடுகளை எடுத்து அவரவர் சுவரை அமைக்கும் விளையாட்டான மிகாயேல் கீஸ்லிங்கின் அசூல் 2017இல் வந்து, அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குத் தரப்படும் ஸ்பீல் டெஸ் யாரெஸ் விருதைப் பெற்றது. இருவர் விளையாடினால் நடுவில் ஐந்து வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் நான்கு ஓடுகள், ஆக 20 ஓடுகள். நால்வர் என்றால் ஒன்பது தட்டுகள், 36 ஓடுகள். இருபது ஓடுகளைக் கண்ணால் எண்ணிவிடலாம். எதிராளிக்குத் தேவையற்ற ஓடுகளை அவர் தலையில் கட்டி, கீழ்வரிசையில் புள்ளி இழக்க வைப்பதை முன்கூட்டியே திட்டமிடலாம். அது கூரிய சண்டை. நால்வர் ஆடும்போது அதே விளையாட்டு, அவரவர் சுவரை அழகாகக் கட்டும் அமைதியான வேலையாகத் தெரிகிறது. கணவனும் மனைவியும் மட்டும் விளையாடும் வீட்டுக்கும், வெள்ளிக்கிழமை பின்னேரம் மச்சான்மார் நால்வர் கூடும் வீட்டுக்கும் நீங்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. எத்தனை பேராக, எத்தனை முறை விளையாடினீர்கள் என்பதை மதிப்புரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: மேசையில் ஒரு கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். விளையாட்டு நடக்கும்போதே நீண்ட குறிப்பு எழுதாதீர்கள். அது மற்றவர்களின் உற்சாகத்தைக் கெடுக்கும். ஒற்றைச் சொற்கள் போதும். எப்போது சிரித்தார்கள், எப்போது ஒருவர் கைப்பேசியை எடுத்தார், எந்த விதிக்காகப் புத்தகத்தை மறுபடி திறந்தீர்கள், ஒருவர் யோசிக்கும் நேரம் எப்போது மற்றவர்களுக்குப் பாரமாகியது என்பவையே பிறகு தேவைப்படும். என்னுடைய கொப்பியின் ஒரு பக்கத்தில், "சின்னவன் 3ஆம் சுற்று, ஃபோன்" என்று மட்டும் இருக்கிறது. அந்த ஒரு வரியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தபோதுதான், முன்னிலையில் இருப்பவரை எட்டிப்பிடிக்க அந்த விளையாட்டில் எந்த வழியும் இல்லை என்ற குறை எனக்குப் பிடிபட்டது.

ஐந்தாம் படி: அதிர்ஷ்டத்தைக் குறைகூறுமுன் கணக்குப் பாருங்கள்

"எல்லாம் பகடையின் கையில்" என்பது நம்மிடையே மிக எளிதாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. கிளாவுஸ் டொய்பரின் கட்டான் 1995இல் வெளிவந்து, அதே ஆண்டின் ஸ்பீல் டெஸ் யாரெஸ் விருதையும் பெற்று, நவீன பலகை விளையாட்டை உலகெங்கும் கொண்டுசென்றது. அதில் இரண்டு பகடைகள் உருட்டப்படுகின்றன; விழும் எண்ணைத் தாங்கிய நிலத்தின் மூலையில் குடியிருப்பு வைத்தவருக்கு வளம் கிடைக்கும். மொத்தச் சாத்தியங்கள் 36. அவற்றில் 7 விழுவதற்கு ஆறு வழிகள், 6க்கும் 8க்கும் ஐந்தைந்து வழிகள், 2க்கும் 12க்கும் ஒவ்வொரு வழியே. தொடக்கக் குடியிருப்பை 6, 5, 9 என்ற எண்கள் கூடும் மூலையில் வைத்தவருக்கு, ஒவ்வொரு உருட்டிலும் ஏதாவது கிடைக்கும் வாய்ப்பு 36இல் 13. 3, 11, 12 கூடும் மூலையில் வைத்தவருக்கு 36இல் 5 மட்டுமே. பின்னவர் தோற்றுவிட்டுப் பகடையைத் திட்டினால், அந்தத் தோல்வியில் பெரும்பங்கு அவர் குடியேறிய இடத்துக்குரியது. ஆனால், நல்ல மூலையில் இருந்தவரும் நெடுநேரம் வெறுங்கையுடன் இருந்திருந்தால், அது விளையாட்டைப் பற்றிய உண்மையான குறிப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டும் மதிப்புரையையே நான் நம்புகிறேன்.

பகடை பற்றி இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்க்க அடிப்படையில் பகடை உருட்டும் ஆட்டங்களைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம் கரையில் பல உண்டு. பெட்டிக்குள் பகடை இருக்கிறதா, இருந்தால் அது விளையாட்டுக்கு இன்றியமையாததா என்பதை ஒரு வரியில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அசூலிலும் பாண்டமிக்கிலும், ரயில் பாதைகளைப் பிடிக்கும் டிக்கெட் டு ரைடிலும் பகடையே இல்லை. கட்டானுக்கு 36 சிறு அட்டைகளை வெட்டி, 2 ஒரு முறை, 3 இரு முறை என்று 7 ஆறு முறை வரை ஏறி, பின்னர் 12 ஒரு முறை வரை இறங்கும்படி எண்களை எழுதிக் கலைத்து எடுத்தும் விளையாடலாம். எண்ணுவதில் வல்லவர்கள் கடைசி அட்டைகளை ஊகித்துவிடுவார்கள் என்பதால், ஐந்தாறு அட்டைகள் மிஞ்சும்போதே மறுபடி கலைத்துவிடுங்கள். அட்டையால் ஆடியவருக்கு எண்கள் சீராக வரும். பகடைக்குரிய வெறித்தனமான ஓட்டங்கள் குறையும். ஆகவே, எதைக் கொண்டு விளையாடினீர்கள் என்பதையும் எழுத வேண்டும். ஆனாலும், அட்டையும் தம் மனதுக்கு ஒப்புமா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். அதை மதிப்புரையாளர் தீர்மானிக்கக் கூடாது.

ஆறாம் படி: மொழி எவ்வளவு தடுக்கிறது, எவ்வளவு கொடுக்கிறது

நம் வாசகருக்கு மிக அதிகமாகப் பயன்படப்போவதும், வெளிநாட்டு மதிப்புரைகளில் எளிதில் கிடைக்காததும் இந்தப் பகுதிதான். அசூலில் வாசிக்க எதுவும் இல்லை. டிக்கெட் டு ரைடில் ஊர்ப்பெயர்கள் மட்டும். எலிசபெத் ஹார்கிரேவின் விங்ஸ்பானில் 170 பறவை அட்டைகள். பெரும்பாலானவற்றில் அந்தப் பறவையின் ஆற்றலைச் சொல்லும் வாக்கியம் இருக்கும். தமிழ் மொழிமூலம் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு அட்டைக்கும் அண்ணனைக் கேட்க வேண்டியிருந்தால், அந்தப் பிள்ளை தன் திட்டத்தை மறைத்து வைக்க முடியாது. மேசையில் யார் யாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள், அதனால் ஆட்டம் எவ்வளவு இழுபட்டது, குறியீடுகளுக்கு ஒரு தாளில் தமிழ்க் குறிப்பு எழுதி வைத்தால் போதுமா என்பதை அனுபவித்தபடியே எழுதுங்கள்.

சொல்லையே பொருளாகக் கொண்ட விளையாட்டுகள் வேறு வகை. விளாடா ஹ்வாட்டிலின் கோட்நேம்ஸ் 2015இல் வந்தது. ஐந்துக்கு ஐந்தாக 25 சொற்கள் பரப்பப்படும். தொடங்கும் அணிக்கு ஒன்பது, மறு அணிக்கு எட்டு, யாருக்கும் சேராதவை ஏழு, தொட்டால் தோல்வி தரும் ஒன்று. தம் அணியினர் தொட வேண்டிய அட்டைகளை உணர்த்த, அணித்தலைவர் ஒரு குறிப்புச் சொல்லும், அது எத்தனை அட்டைகளுக்குப் பொருந்தும் என்ற எண்ணும் மட்டுமே சொல்லலாம். ஆங்கில அட்டைகளை ஒதுக்கிவிட்டு, நாங்கள் நறுக்கிய அட்டைகளில் தமிழ்ச் சொற்களை எழுதி விளையாடினோம். ஆறு, மாலை, திங்கள், படி, கல், காப்பு போன்ற இரண்டு மூன்று பொருளுள்ள சொற்களைத் தேடித் தேடி எழுதினோம். "வாவி, இரண்டு" என்றால் ஆறும் மீனும். "எண்ணிக்கை, இரண்டு" என்றால் அதே ஆறும் எட்டும். தமிழில் இது எவ்வளவு செழிப்பாக அமைகிறது என்பதை விளையாடிப் பார்த்தபோதே உணர்ந்தோம்.

ஆனால் சிக்கல்களும் உண்டு. மேசையில் "மீன்" இருக்கும்போது "மீனவன்" என்று சொல்லக் கூடாது என்பது தெளிவு. "தேங்காய்ப்பால்" ஒரு சொல்லா, இரண்டா? ஒரு பின்னேரம் முழுவதும் வாதிட்டு, பேச்சில் இடைவிடாமல் ஒரே மூச்சில் சொல்லப்படுவது ஒரு சொல் என்று முடிவெடுத்தோம். இந்த முடிவை ஆட்டத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்று மதிப்புரையில் எழுதுவது, ஒரு சண்டையைத் தடுக்கும்.

இன்னோர் அனுபவம் என் மனதை விட்டு அகலவில்லை. காத்தான்குடி நண்பர் ஒருவர் அணித்தலைவராக இருந்து "நோன்பு, இரண்டு" என்றார். அவர் நினைத்தது கஞ்சியும் பேரீச்சையும். எதிரே இருந்த ஆரையம்பதி நண்பர் சற்றும் தயங்காமல் "காப்பு" என்ற அட்டையில் விரல் வைத்தார். அவர் வீட்டில் கௌரி நோன்பும் காப்புக் கட்டுவதும் ஒன்றோடொன்று சேர்ந்தே வரும். புள்ளி மறு அணிக்குப் போயிற்று. அதன் பிறகு அரை மணித்தியாலம் அட்டைகளைத் தொடாமல், ஒருவர் வீட்டு வழக்கத்தை மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தோம். இத்தகைய விளையாட்டுக்கு எழுதும் மதிப்புரையில், மேசையைச் சுற்றி எந்தெந்த ஊரவர் இருந்தார்கள் என்பதும் ஒரு தரவே. சொற்களை எழுதச் சிரமம் என்பவர்களுக்கு, படங்களாலான பதிப்பு 2016இலேயே வந்துவிட்டது.

ஏழாம் படி: வீடும் காற்றும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டைகள் எத்தனை, எந்த அளவு என்பதைக் குறியுங்கள். 63க்கு 88 மில்லிமீற்றர் பொதுவான அளவு, அதற்குரிய பிளாஸ்ரிக் உறைகள் எளிதில் கிடைக்கும். மாரி காலத்து ஈரத்தில் உறையிடாத அட்டைகள் வளைகின்றன. வளைந்த அட்டை பின்பக்கத்திலேயே அடையாளம் காட்டிவிடும். கச்சான் காற்று வீசும் காலத்தில் யன்னலைத் திறந்தாலும், மின்விசிறியைப் போட்டாலும், மெல்லிய காகிதப் பணமும் சிறு அட்டைகளும் பறக்கும். ஒரு மங்கலான விளக்கின் கீழ் எந்த இரு நிறங்கள் ஒன்றுபோலத் தெரிந்தன என்பதையும் எழுதுங்கள். மின்சாரம் நின்ற இரவில் நாங்கள் கற்றுக்கொண்டது அது.

எட்டாம் படி: எழுதும் முறை

விதிகளை முழுவதும் விவரிக்காதீர்கள். விதிநூல் அந்த வேலையைச் செய்துவிட்டது. ஒருவரின் ஒரு முறை எப்படி இருக்கும் என்பதை மட்டும், அட்டையை எடுப்பது முதல் அடுத்தவரிடம் முறையைக் கொடுப்பது வரை, ஒரு பத்தியில் நெருக்கமாகக் காட்டினால் வாசகர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிடுவார்.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு காட்சியைக் காரணமாக வையுங்கள். "சுவாரசியமானது" என்ற சொல் எதையும் சொல்வதில்லை. ஆலன் மூனின் டிக்கெட் டு ரைடில் ஒரு ரயில் பெட்டி இடும் பாதைக்கு ஒரு புள்ளி, ஆறு பெட்டி இடும் பாதைக்கு 15 புள்ளிகள். ஆறு பச்சை அட்டைகளுக்காகக் காத்திருக்கும்போது வேறொருவர் அந்தப் பாதையை எடுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் கை நடுங்கியதை எழுதினால், அதன் சுவை வாசகருக்குத் தானே விளங்கும்.

மதிப்பெண் கொடுப்பதாயின் கவனம் தேவை. நம் மக்கள் எண்ணைக் கண்டதும் சாதாரண தரப் பெறுபேற்றை நினைக்கிறார்கள். 75க்குக் கீழே என்றால் A இல்லை என்று முகம் சுருங்குகிறது. ஆனால் பலகை விளையாட்டுகளுக்கான போர்ட்கேம்கீக் என்ற இணையத்தளத்தில் பத்துக்கு ஏழு என்பதன் பொருள், "நல்லது, பெரும்பாலும் விளையாடச் சம்மதிப்பேன்" என்பதுதான். எண்ணைத் தந்தால் அதன் பொருளையும் கூடவே எழுதுங்கள். என் விருப்பம், எண்ணை விட்டுவிட்டு, "யாருக்கு வாங்கலாம், யாருக்கு வேண்டாம்" என்று இரண்டு நேர்மையான வாக்கியங்களை எழுதுவதே.

பெட்டி இலவசமாகக் கிடைத்ததா, நண்பரிடம் இரவல் வாங்கியதா, சொந்தப் பணத்தில் வாங்கியதா என்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: விளையாடிய பின் பேசுவது

கலந்துரையாடல் மதிப்புரைக்கு முன்னரே தொடங்க வேண்டும். ஆனால், ஆட்டம் முடிந்த அதே நிமிடத்தில் கேட்காதீர்கள். துண்டுகளை எல்லோருமாக எடுத்து வைத்து, பிளேன்டீ வந்து, வாய் நனைந்த பிறகு கேளுங்கள். தோற்றவரை முதலில் பேசவிடுங்கள், அதிலும் இளையவரை. வென்றவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தங்கள் குறைகளை விழுங்கிவிடுவார்கள். "பிடித்ததா?" என்று கேட்டால், விருந்தினர் முறைக்கு "ஓம், நல்லம்" என்ற பதிலே வரும். "எந்த இடத்தில் நீங்கள் வேறு மாதிரிச் செய்திருப்பீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். "நான் ரெண்டாம் சுற்றிலேயே தோத்துப் போயிட்டன் மாமா, பிறகு சும்மாதான் இருந்தன்" என்று என் மருமகன் ஒரு நாள் சொன்னதை, நான் எழுதிய எந்த நீண்ட பத்தியாலும் விஞ்ச முடியவில்லை.

கருத்து வேறுபட்டால், எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். இருவர் ஆடிய அசூலைக் குறைகூறுபவரும் நால்வர் ஆடிய அசூலைப் போற்றுபவரும் இரண்டு விளையாட்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கக்கூடும். அடுத்தவர் விதியைப் பிழையாக விளையாடியிருந்தால், அதைத் தனியாகச் சொல்லுங்கள். நாலு பேர் முன் திருத்தப்பட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

பத்தாம் படி: மறுபடியும் திறப்பது

மதிப்புரையை எழுதிய நாளையும் அதுவரை விளையாடிய ஆட்டங்களின் எண்ணிக்கையையும் அடியில் இடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பெட்டியை மறுபடி திறக்கும்போது, விதிநூலின்றி எவ்வளவு ஞாபகம் இருந்தது, யார் அதைக் கேட்டு எடுத்தார்கள், எந்த அட்டையின் ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முன்பு எழுதியதை அழிக்காமல், அதன் கீழே புதிய திகதியுடன் சேருங்கள். என் கொப்பியில் பாண்டமிக்குக்கு இப்போது நான்கு திகதிகள் இருக்கின்றன. முதலாவதன் மேல் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் "கட்டைப் பிழையாகக் கலைத்தோம்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.